கடவுள் இல்லாத கிறிஸ்துமஸ் எந்தத் தேதியில் வரும்?

மெல்பர்னில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். டிசம்பர் பிறந்தால் போதும், எல்லார் வீட்டிலும் கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறதே, நம் வீட்டில் ஏன் இல்லை என்று ஏழு வயது மகள் ஆரம்பித்துவிடுகிறாளாம். "டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்லை என்கிறார்கள். ரஷ்யாவில் ஜனவரி 7 என்கிறார்கள். மதம் கலக்காத மாற்றுப் பண்டிகை ஏதாவது உண்டா? அதற்குச் சரியான தேதி எது?" என்பது அவர் கேள்வி. படித்தால் இரண்டு கேள்விகளாகத் தெரிகிறது. எனக்கு ஒன்றுதான் என்று படுகிறது: நம்பாத ஒன்றை நம்புவதுபோல நடிக்காமலும், பிள்ளையை ஊரார் சந்தோஷத்திலிருந்து தள்ளி வைக்காமலும் இருக்க வழி இருக்கிறதா? தேதி விஷயம் இதில் ஒரு சாக்கு. 25 தப்பு என்று ஆகிவிட்டால் மகளிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். ஏழு வயதிடம் அந்தக் காரணம் செல்லாது. அதோடு அந்த வாதம் நாத்திகருடையதும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் இறையியல் படித்தவன் இல்லை. 1984இல் உதவித்தொகை கிடைத்து சோவியத் யூனியனுக்குப் பொறியியல் படிக்கப் போனேன். ஆறு வருடம், இன்று உக்ரைனில் இருக்கும் கார்கிவ் நகரில் இருந்தேன். அப்போது ரஷ்ய உச்சரிப்பில் கார்கோவ் என்போம். ஊர் திரும்பிய பிறகு பொறியியலைவிட ரஷ்ய மொழிபெயர்ப்புதான் சோறு போட்டது. 1918க்கு முந்தைய ரஷ்ய ஆவணம் எது கைக்கு வந்தாலும், தேதியைப் பார்த்ததும் 'இது எந்த நாட்காட்டி?' என்று கேட்டாக வேண்டிய தொழில் அது. அந்தப் பழக்கத்தில் வந்த அறிவுதான் இங்கே நான் எழுதுவது.

முதலில் தேதி. உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். நான்கு நற்செய்தி நூல்களிலும் இயேசு பிறந்த நாளோ மாதமோ இல்லை. டிசம்பர் 25 என்பதற்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய தெளிவான சான்று, ரோம் நகரில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பு. அதற்குள் இருக்கும் பட்டியல் 336 வாக்கிலேயே உருவானது என்பது அறிஞர்களின் கணக்கு. அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முன்பு, அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் என்ற கிறிஸ்தவ அறிஞர், சிலர் மே மாதத்தில் வரும் ஒரு நாளைச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். கிழக்குப் பகுதிகளில் ஜனவரி 6 வழக்கில் இருந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றுவரை அதை விடவில்லை.

ஏன் 25 என்பதில்தான் சந்தேகம். ரோமானியர்களின் சூரியக் கடவுள் விழாவைத் திருடிக்கொண்டார்கள் என்று ஒரே போடாகப் போட்டு முடிப்பவர்கள் அதிகம். பேரரசர் அவ்ரேலியன் 274இல் 'வெல்லமுடியாத சூரியனுக்கு' ரோமில் கோயில் அமைத்தது உண்மை. ஆனால் அந்தச் சூரியனுக்கு டிசம்பர் 25இல் விழா என்று காட்டும் சான்றும் அதே 354ஆம் ஆண்டுத் தொகுப்புதான். ஒரே கட்டில் இரண்டு சீட்டும் இருந்தால் எது முந்தியது என்று எப்படிச் சொல்வது? இன்னொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று ஒரு பழைய மரபு. கருவுற்றதும் அதே நாளில்தான் என்று கொண்டு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வந்துவிடுகிறது. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதைத் தெளிவாகச் சொல்லும் எழுத்துகள் கிடைப்பது பண்டிகை நிலைபெற்ற பிறகுதான். என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனாலும் பந்தயம் கட்ட மாட்டேன்.

இப்போது, அந்த வாதம் யாருடையது என்ற விஷயம். 'டிசம்பர் 25 வேதத்தில் இல்லை, ஆகவே கொண்டாடாதே' என்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் பழுத்த பக்தர்கள். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களின் கை ஓங்கியிருந்த காலத்தில், 1647இல், நாடாளுமன்றமே கிறிஸ்துமஸைத் தடை செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் ஒரு சட்டம் போட்டது: கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல்தான் அதை எடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் திருச்சபையின் கண்டிப்பால் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆவதற்கே 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஸ்காட்லாந்துக்காரர்கள் குளிர்காலத்தில் சும்மா இருந்தார்களா? இல்லை. டிசம்பர் 31 இரவை 'ஹாக்மனே' என்று பிடித்துக்கொண்டார்கள். விருந்து, மது, நள்ளிரவுக்குப் பின் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போவது எல்லாம் அந்த ராத்திரிக்கு நகர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு மாற்றுப் பண்டிகை ஒன்றை வளர்த்துவிட்டவர்கள் பாதிரியார்கள் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும் செய்தி.

அடுத்து ஜனவரி 7. ரஷ்யர்கள் இயேசு ஜனவரி 7இல் பிறந்ததாக நம்புகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர்களுக்கும் டிசம்பர் 25தான். அது பழைய ஜூலியன் நாட்காட்டியின் டிசம்பர் 25. ஜூலியன் கணக்கில் வருடத்துக்கு 365 நாளும் ஆறு மணி நேரமும். உண்மையான பருவ ஆண்டு அதைவிடப் பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேல் குறைவு. இந்தச் சில்லறை சேர்ந்து சேர்ந்து 128 வருடத்துக்கு ஒரு நாளாகிறது. போப் பதின்மூன்றாம் கிரெகோரி 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கித் திருத்தினார். ஆனால் போப் சொன்னதாலேயே பலர் கேட்கவில்லை. இங்கிலாந்து 1752 வரை இழுத்தடித்தது. ரஷ்யா லெனின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அங்கே 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. அரசு மாறியது, தேவாலயம் மாறவில்லை. இன்று வித்தியாசம் 13 நாள். 2100ஆம் ஆண்டை ஜூலியன் கணக்கு லீப் ஆண்டாக எடுத்துக்கொள்ளும், கிரெகோரியன் எடுத்துக்கொள்ளாது. அதனால் 2101 முதல் பழைய கணக்குக்காரர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி 8க்குப் போய்விடும். பெத்லகேமிலேயே மூன்று கிறிஸ்துமஸ் வருகிறது: கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 25, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஜனவரி 7, அங்குள்ள ஆர்மேனியர்களுக்குப் பழைய கணக்கின் ஜனவரி 6, அதாவது நம் ஜனவரி 19. பிறந்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே இந்தக் கதை.

நாத்திகர்களின் மாற்றும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டதுண்டு. அறிவியல் ஆர்வலர்கள் சிலர் டிசம்பர் 25ஐ 'நியூட்டன்மஸ்' என்று வேடிக்கையாகக் கொண்டாடுகிறார்கள். ஐசக் நியூட்டன் 1642 டிசம்பர் 25 அன்று பிறந்தார் என்பது சரிதான். ஆனால் அது இங்கிலாந்து இன்னும் ஜூலியனில் இருந்த காலம். இன்றைய நாட்காட்டியில் அது 1643 ஜனவரி 4. பாதிரியாரின் தேதியைக் கேலி செய்யக் கிளம்பியவர்கள், போப் திருத்திய கணக்கை ஒதுக்கிவிட்டுப் பழைய கணக்கில் விழா எடுக்கிறார்கள்!

மாற்றுகளில் எது நின்றது, எது விழுந்தது என்று பார்த்தால் உங்களுக்கு உதவும். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் நாட்காட்டியையே புதிதாகச் செய்தார்கள். புனிதர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செடி, ஒரு மிருகம், ஒரு கருவி என்று பெயர் வைத்தார்கள். டிசம்பர் 25 விழுந்த இடம், அவர்கள் வைத்த 'நிவோஸ்' மாதத்தின் 5ஆம் நாள். அந்த நாளின் பெயர் 'நாய்'. வாரத்துக்குப் பத்து நாள் என்று ஆக்கியதில், ஏழுக்கு ஒரு நாள் கிடைத்த ஓய்வு பத்துக்கு ஒரு நாள் ஆனது. உழைக்கிறவன் இதை எப்படி ஏற்பான்? 1806 பிறந்ததும் நெப்போலியன் காலத்திலேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

நின்றது சோவியத் புத்தாண்டு. அதுவும் முதல் முயற்சியில் இல்லை. 1923 ஜனவரியில் இளம் கம்யூனிஸ்டுகள் 'கொம்சமோல் கிறிஸ்துமஸ்' என்று ஊர்வலம் போனார்கள். எல்லா மதக் கடவுள்களின் பொம்மைகளையும் தூக்கிப்போய் எரித்தார்கள். பார்த்த மக்களுக்கு எரிச்சல்தான் மிச்சம். 1929 வாக்கில் கிறிஸ்துமஸ் வேலை நாள் ஆனது, மரம் வைப்பது பிற்போக்கு என்றானது. வைத்தே ஆக வேண்டும் என்றவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு வைத்தார்கள். இப்படி இருக்கையில் 1935 டிசம்பர் 28 அன்று பிராவ்தா நாளிதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர் உக்ரைன் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவரான பாவெல் போஸ்திஷெவ். பணக்காரப் பிள்ளைகளின் மரத்தை ஏழைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக ஏக்கத்தோடு பார்த்த காலம் ஒன்று இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த மகிழ்ச்சியை நாம் ஏன் மறுக்கிறோம், புத்தாண்டுக்கு மரம் வைப்போம் என்பது அதன் சாரம். மேலிடத்துச் சம்மதம் இல்லாமல் பிராவ்தாவில் எதுவும் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். சில நாட்களுக்குள் பள்ளிகளிலும் மன்றங்களிலும் மரங்கள் நின்றன. உச்சியில் பெத்லகேம் நட்சத்திரத்துக்குப் பதில் ஐந்து முனைச் சிவப்பு நட்சத்திரம். பரிசு தர 'தேத் மரோஸ்' என்ற உறைபனித் தாத்தா, கூடவே பேத்தி ஸ்னிகூரச்கா. 1947 டிசம்பரில் வந்த ஆணை ஜனவரி 1ஐ விடுமுறை ஆக்கியது. மரத்தைத் திருப்பிக் கொடுத்த போஸ்திஷெவை 1938இல் கைது செய்து, 1939இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மரம் தப்பித்தது.

நான் போனபோது அந்தப் பண்டிகைக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. விடுதியில் டிசம்பர் 31 மாலை முழுக்க உருளைக்கிழங்கு வேகும் வாசனை. 'ஒலிவியே' என்ற சாலட்டுக்குத்தான்: உருளைக்கிழங்கு, முட்டை, பட்டாணி, ஊறுகாய் வெள்ளரி, இறைச்சித் துண்டு எல்லாம் பொடியாக நறுக்கி மயோனைஸில் பிசைந்தது. வேறு எந்த மாதத்திலும் கண்ணில் படாத மாண்டரின் ஆரஞ்சு அன்று எங்கிருந்தோ வந்துவிடும். தொலைக்காட்சியில் கிரெம்ளின் மணி பன்னிரண்டு அடிக்கும்போது கோப்பைகள் மோதும். அதில் யாரும் நாத்திகத்தைக் கொண்டாடவில்லை. மதத்துக்கு எதிராக ஒரு வார்த்தை அந்த ராத்திரியில் நான் கேட்டதில்லை. அது தங்கிவிட்டதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். எதிர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு மரம், சாப்பாடு, பரிசு, விடுமுறை நாலையும் கொடுத்தார்கள்.

ஆனால் பழையது முழுக்கப் போய்விடவும் இல்லை. விடுதி வாசலில் சாவி வாங்கி வைக்கும் பாட்டி ஒருத்தி இருந்தாள். ஜனவரி 6 சாயங்காலம் துண்டு போட்டு மூடிய ஒரு கிண்ணத்தை எங்கள் அறையில் வைத்துவிட்டுப் போனாள். கோதுமையை வேகவைத்துத் தேனும் கசகசாவும் சேர்த்த 'குத்யா'. பழைய கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் உக்ரைன் வீடுகளில் செய்வது என்று பிறகுதான் தெரிந்தது. அவள் நம்பினாளா, அம்மா செய்ததால் செய்தாளா என்று நான் கேட்கவில்லை. ஜனவரி 14 அன்று தமிழ்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து வெல்லம் இல்லாமல், டின்னில் வரும் கெட்டிப்பாலையும் உலர்திராட்சையையும் வைத்துப் பொங்கல் என்று ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தோம். பாட்டி எட்டிப் பார்த்து, "புத்தாண்டு வாழ்த்துகள்" என்றாள். பொங்கல் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அசந்துபோனோம். அவள் சொன்னது ஜூலியன் கணக்கின் ஜனவரி 1. 'பழைய புத்தாண்டு' என்று அங்கே எல்லாரும் இன்னொரு தடவை கொண்டாடுகிற நாள் அது. அந்த நாளும் பொங்கலும் ஒன்றாக விழுவது தற்செயல்தான். ஆனால் இரண்டும் பருவ ஆண்டைவிடச் சற்று நீளமான ஆண்டைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு வேகத்தில் ஒரே திசையில் நகர்கின்றன. பொங்கல் இப்போதெல்லாம் அடிக்கடி 15ஆம் தேதி வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

தேதிச் சண்டையின் மனசு புரிய வேண்டுமானால் இன்றைய உக்ரைனைப் பாருங்கள். 2017இல் டிசம்பர் 25ஐயும் விடுமுறையாகச் சேர்த்தார்கள், ஜனவரி 7ஐயும் வைத்துக்கொண்டார்கள். 2022இல் ரஷ்யா முழுப் படையெடுப்பு நடத்திய பிறகு இரண்டையும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 2023 ஜூலையில் ஜனவரி 7 விடுமுறை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அந்த செப்டம்பர் 1 முதல் திருத்திய ஜூலியன் நாட்காட்டிக்கு மாறியது. மாஸ்கோவோடு வரலாற்றுத் தொடர்புள்ள இன்னொரு சபை பழைய கணக்கிலேயே இருக்கிறது. திருத்திய ஜூலியனை 1923இல் வடிவமைத்தவர் மிலுதின் மிலான்கோவிச் என்ற செர்பிய அறிஞர். 2800ஆம் ஆண்டு வரை அது கிரெகோரியனோடு ஒத்துப்போகும், அதற்குப் பிறகு சூரியனோடு இன்னும் துல்லியமாக ஓடும். இவ்வளவு நல்ல கணக்கை செர்பியத் திருச்சபையே ஏற்கவில்லை. அவர்களுக்கு இன்றும் ஜனவரி 7தான். வானியல் எல்லாருக்கும் ஒன்றுதான். யாரோடு ஒரே நாளில் பண்டிகை வைப்பது, யாரோடு வைக்காமல் இருப்பது என்பதில்தான் அடிதடி. நம் ஊரில் தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள்தான் என்று 2008இல் சட்டம் வந்ததும், 2011இல் அது ரத்தாகி மறுபடி சித்திரைக்குப் போனதும் நினைவிருக்கும்தானே.

அமெரிக்காவில் செய்து பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மவுலானா கரேங்கா 1966இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய 'குவான்சா' டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள், ஏழு மெழுகுவர்த்தி. ஆரம்பத்தில் கிறிஸ்துமஸுக்கு மாற்றாகப் பேசப்பட்டது. பிறகு எந்த மதப் பண்டிகைக்கும் பதில் இல்லை, கூடுதல்தான் என்றார்கள். பல குடும்பங்கள் இரண்டையும் கொண்டாடுகின்றன. நியூஜெர்சியில் மதம் சாராத மனிதநேயர்கள் 2001இல் தொடங்கிய 'ஹியூமன்லைட்' டிசம்பர் 23. கிறிஸ்துமஸோடு மோதாமல், அதே விடுமுறைக் காலத்துக்குள் வரட்டும் என்ற இடம் அது. நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்கென்று ஒரு பலகாரம் இல்லை, தாத்தா பாட்டி சொன்ன கதை இல்லை. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் 1997இல் வந்து பிரபலமான 'ஃபெஸ்டிவஸ்' விழாவும் அதே டிசம்பர் 23. அதில் மரத்துக்குப் பதில் வெறும் அலுமினியக் கம்பம், சாப்பாட்டு மேசையில் குடும்பத்தார் ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்ல வேண்டும். கிண்டலுக்காக உருவானது பலருக்கு நினைவிருக்கிறது. கவனமாகத் திட்டமிட்டதை அவ்வளவு பேருக்குத் தெரியவில்லை.

உங்களுக்குப் பலர் 'நீண்ட இரவைக் கொண்டாடுங்கள், அது மதம் சாராதது' என்று சொல்வார்கள். வடக்கே இருப்பவர்களுக்கு அது சரி. மெல்பர்னில் டிசம்பர் 25 அன்று இரவு எட்டரைக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. உங்கள் நீண்ட இரவு ஜூன் 21 அல்லது 22. ஆஸ்திரேலியர்கள் சிலர் ஜூலையில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து வைப்பது அதனால்தான். டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் 2013 முதல் 'டார்க் மோஃபோ' என்ற ஜூன் விழா நடக்கிறது. நீண்ட இரவு முடிந்த விடியலில் ஆயிரக்கணக்கானோர் துணியில்லாமல் குளிர்ந்த ஆற்றில் குதிக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையோடு போக நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது அண்டார்டிகாவின் நடுக்குளிர் நாள். நம் மைத்ரி, பாரதி உட்பட அங்குள்ள ஆய்வு நிலையங்கள் ஜூன் 21 வாக்கில் விருந்து வைத்து, ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்கின்றன. மதமும் இல்லை, மதத்துக்கு எதிர்ப்பும் இல்லை. சூரியன் திரும்பி வரப்போகிறது என்பது மட்டும்தான். 1911 ஜூன் 22 அன்று, தென் துருவத்துக்குக் கிளம்பிய ஸ்காட் குழுவின் குடிசையில் பவர்ஸ் என்பவர் ஒரு பனிச்சறுக்குக் கோலில் மூங்கில் சிம்புகளைக் கட்டி, கிளை நுனிகளில் இறகு செருகி, மெழுகுவர்த்தி ஏற்றி மரம் ஒன்று செய்தார். மரமே முளைக்காத கண்டத்தில், ஜூன் மாதத்தில்.

ஆகவே என் பதில் இப்படி. மரம் வேண்டும் என்றால் வாங்கிவிடுங்கள். எந்தத் திருச்சபைக்கும் அது தனிச்சொத்து இல்லை. கோடிக்கணக்கான சோவியத் வீடுகள் அதைப் புத்தாண்டு மரம் என்று அழைத்துப் பழகின. மகளுக்கு அவள் தோழிகளுக்கு விடுமுறை இருக்கும் நாட்களில் மரம் நிற்பதுதான் முக்கியம், அதனால் டிசம்பரிலேயே வையுங்கள். தனித் தேதி கண்டுபிடித்தால் வீட்டில் நீங்கள் மூன்று பேர் மட்டும்தான் இருப்பீர்கள். ஏன் நம் வீட்டில் இயேசு குடில் இல்லை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், ஏழு வயதுக்குப் புரியும். பொங்கலும் உங்கள் கோடை விடுமுறைக்குள்தான் வருகிறது. திராவிடர் கழகத்தார் அதைத் திராவிடர் திருநாள் என்று கொண்டாடி வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்தை அதுவரை எடுக்காமல் வைத்திருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே கார்கிவில் பழைய புத்தாண்டு முடியும்வரை பல வீடுகளில் எடுக்கவே மாட்டார்கள். எங்கள் வீட்டில் டிசம்பர் 31 இரவு இன்றைக்கும் ஒலிவியே உண்டு. மனைவி அதில் பச்சை மிளகாய் நறுக்கிப் போடுகிறாள், முப்பது வருடமாகச் சொல்லியும் கேட்பதில்லை.